தெரிந்ததைத் தெரியும் என்று சொல்ல ஆளில்லை

அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2004-இல் ஒரு சின்னக் கரண்டியைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. எலும்பில் விழுந்த பள்ளத்தை நிரப்பும் சிமென்ட் பொட்டலத்துக்கு நோரியன் என்ற நிறுவனம் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. இன்ன பொடி, இன்ன கரைசல், இவை தவிர வேறொன்றும் இல்லை என்று வரையறுத்து வாங்கிய உரிமை அது. போட்டி நிறுவனமான ஸ்ட்ரைக்கரின் பொட்டலத்தில் பொடியைக் குழைப்பதற்கு ஒரு கரண்டியும் இருந்தது. கரண்டி இருக்கிறது, ஆகவே எங்களுடையது வேறு பொருள் என்பது ஸ்ட்ரைக்கர் தரப்பு வாதங்களில் ஒன்று. கரண்டிக்கும் கண்டுபிடிப்புக்கும் சம்பந்தமில்லை என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஆனால் 2005-இல் அதே வழக்கில் நோரியன் தோற்றது. காரணம் ஓர் உப்பு. கரைசலில் ஒரே ஒரு சோடியம் பாஸ்பேட் என்ற எல்லைக்குள் நோரியன் நின்றிருந்தது. ஸ்ட்ரைக்கர் இரண்டு சோடியம் பாஸ்பேட்டுகளைக் கலந்திருந்தது.

நோரியன் ஏன் தன் கையைத் தானே இவ்வளவு இறுக்கிக் கட்டிக்கொண்டது? அகலமாகக் கேட்டிருந்தால் காப்புரிமையே கிடைத்திருக்காது. அதே போன்ற கால்சியம் பாஸ்பேட் கலவைகள் முன்பே ஆய்விதழ்களிலும் பிறருடைய காப்புரிமைகளிலும் இருந்தன. வழக்கறிஞர்கள் 'பிரையர் ஆர்ட்' என்றும், தமிழில் எழுதுவோர் முன்கலை என்றும் சொல்வது இதைத்தான்: விண்ணப்பம் போட்ட நாளுக்கு முன்பே உலகத்துக்குத் தெரிந்திருந்த சங்கதி. அது எவ்வளவு வலுவாகப் பரிசோதகரின் மேசைக்கு வருகிறதோ, அவ்வளவு காப்புரிமை மெலியும். வராவிட்டால் கொழுக்கும்.

எலும்பு நிரப்பும் கலவைகள் விஷயத்தில் இந்த முன்கலை மலைபோல் குவிந்து கிடக்கிறது. சிகாகோ அறுவை மருத்துவர் நிக்கோலஸ் சென், அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கிய மாட்டெலும்பை நோயாளிகளின் எலும்புக் குழிகளில் வைத்தது பற்றி எழுதியது 1889-இல். ஜெர்மனியின் டிரீஸ்மன் அதே குழிகளைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் நிரப்பியது 1892-இல். தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கே புது எலும்பே முளைக்கிறது என்று மார்ஷல் யூரிஸ்ட் 'சயன்ஸ்' இதழில் காட்டியது 1965-இல். அப்படி முளைக்க வைக்கும் புரதங்களைப் பிரித்தெடுக்கும் வழியைச் சம்பத்தும் ஹரி ரெட்டியும் 1981-இல் வெளியிட்டார்கள். பின்னாளில் 'ஓ.பி.-1' என்ற எலும்பு வளர்ப்புப் புரதத்துக்கான அமெரிக்கக் காப்புரிமைகளில் தங்கவேல் குபேரசம்பத் என்ற பெயரைப் பார்க்கலாம். அந்தச் சம்பத் இவர்தான்.

இத்தனைக்கும் பிறகு புதிதாக என்ன மிச்சம் இருக்கிறது? பெரும்பாலும் விகிதம், பொடியின் பருமன், குழைக்கும் ஊடகம். தாது நீக்கிய எலும்புப் பொடி அறுவையின்போது இரத்தத்தோடு கலந்து ஓடிவிடும், வைத்த இடத்தில் நிற்காது. அதைக் கிளிசரினில் குழைத்துக் களிம்பாக்கி, எலும்பைச் சீராக்கும் கலவை என்று ஆஸ்டியோடெக் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் காப்புரிமைகள் வாங்கியது. ஜென்சை என்ற சின்னப் போட்டி நிறுவனம் வேறொரு ஊடகத்தில் அதே பொடியைக் குழைத்தது. வழக்கு கலிபோர்னியாவில் நடந்தது. 2001 டிசம்பரில் ஜூரி ஆஸ்டியோடெக் பக்கம் நின்று 1 கோடியே 75 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. ஜென்சை திவால் பாதுகாப்புக் கேட்டு ஓட வேண்டியதாயிற்று. பொடி யாருக்கும் சொந்தமில்லை, கிளிசரினும் சொந்தமில்லை. இரண்டும் சேர்ந்த களிம்பு ஒருவருக்குச் சொந்தம். இதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அறுவை அரங்கில் ஓடாமல் நிற்கும் களிம்பு மருத்துவருக்கு நிஜமாகவே உதவியது. ஆனால் எந்த இடத்தில் உதவி முடிந்து ஆக்கிரமிப்பு தொடங்குகிறது என்பதை முன்கலை மட்டுமே சொல்லும்.

இனி நம் ஊருக்கு வருவோம். எலும்புக்குச் சிகிச்சை செய்யும் முறைக்கு இந்தியாவில் காப்புரிமை கிடையாது, காப்புரிமைச் சட்டத்தின் 3(ஐ) பிரிவு அதை மறுக்கிறது. அதனால் எல்லோரும் கலவைக்கு உரிமை கேட்கிறார்கள். கலவை என்று வந்தால் 3(இ) பிரிவு குறுக்கே நிற்கிறது: தெரிந்த பொருள்களைச் சேர்த்து, அவற்றின் தனித்தனிக் குணங்களின் கூட்டுத்தொகை மட்டும் கிடைத்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. கொலாஜனும் ஹைட்ராக்ஸிஅபடைட்டும் சேர்த்தேன் என்று சொன்னால் போதாது, சேர்த்ததால் இரண்டுக்கும் இல்லாத ஒன்று விளைந்தது என்று சோதனை எண்களோடு காட்ட வேண்டும். நம் சட்டத்தின் மிக நல்ல வடிகட்டிகளில் இது ஒன்று. ஆனால் வடிகட்டியைப் பிடித்திருப்பவருக்கு, அந்தப் பொருள்கள் தனித்தனியாக என்ன செய்யும் என்று முன்பே எங்கே பதிவாகியிருக்கிறது எனத் தெரிந்தாக வேண்டும். ஒரு பரிசோதகர் தமக்கு வந்து குவியும் கோப்புகளுக்கு நடுவே எத்தனை இதழ்களைத்தான் புரட்டுவார்?

கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது சென்னைக் காப்புரிமை அலுவலகம். அங்கிருந்து சில கிலோமீட்டரில், அடையாறு சர்தார் படேல் சாலையில், 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றாலே கொலாஜன், எலும்பிலும் கணிசமான பங்கு கொலாஜன். ஆகவே தோல் பதனிடுவதை ஆராய வந்தவர்கள் பல பத்தாண்டுகளாக மருத்துவக் கொலாஜனையும் ஆராய்ந்து வருவதில் வியப்பில்லை. அதே சாலையில் ஐ.ஐ.டி. அங்கே முட்டை ஓட்டிலிருந்து எலும்புத் தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட்டை நுண்ணலை கொண்டு தயாரிக்கும் வழி 2007-இல் வெளியானது. முட்டை ஓட்டிலிருந்து எடுக்கலாம் என்பதே அன்று புதிதல்ல, மெக்சிகோ ஆய்வாளர்கள் 1999-இல் சொல்லிவிட்டார்கள். புதிதாக இருந்தது நுண்ணலை வழி. இன்று யாராவது முட்டை ஓட்டிலிருந்து எலும்புப் பொடி என்று பொத்தாம் பொதுவாக உரிமை கேட்டால், இந்த இரண்டு கட்டுரைகளையும் எடுத்து வைத்தால் போதும், விண்ணப்பம் பாதியாகச் சுருங்கும்.

பவளத்துக்கும் இதே கதைதான். கடற்பவளத்தின் சுண்ணாம்பை எலும்புத் தாதுவாக மாற்றலாம் என்று டெல்லா ராய் 'நேச்சர்' இதழில் எழுதியது 1974-இல். இந்தியப் பவளத்தில் அதைச் செய்துகாட்டிய சென்னை ஆய்வாளர்களின் கட்டுரை 'பயோமெட்டீரியல்ஸ்' இதழில் 1996-இல் வந்தது. ஐந்தே ஆண்டில், 2001-இல், பவளப்பாறை உயிரிகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் போய்விட்டன. இன்று மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டு பவளத்தை எடுத்தால் சிறைதான். கச்சாப்பொருள் போனாலும் கட்டுரை போகாது. அது முன்கலையாக என்றைக்கும் நிற்கும்.

இங்கே நம் ஆய்வாளர்களின் வேறொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கட்டுரையை முதலில் அச்சேற்றிவிட்டு, காப்புரிமையைப் பிறகு யோசிப்பது. அமெரிக்காவில் தன் கட்டுரை வெளியான பின்னும் விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு. இந்தியச் சட்டத்தின் 31-வது பிரிவு தரும் 12 மாதச் சலுகை மிகக் குறுகியது. கற்றோர் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரை, அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சில சந்தர்ப்பங்களோடு நின்றுவிடும். முனைவர் பட்ட ஆய்வேடு 'சோத்கங்கா' தளத்தில் ஏறியவுடன் அதுவே அந்த மாணவரின் விண்ணப்பத்துக்கு எதிரான சாட்சி. தன் ஆய்வேட்டாலேயே தன் காப்புரிமையை இழப்பவர் ஒரு பக்கம். அதே ஆய்வேடு, இன்னொருவரின் விண்ணப்பத்துக்கு எதிராக எடுக்கப்பட வேண்டிய இடத்தில் எடுக்கப்படாமலே கிடப்பது மறுபக்கம். நமக்கு வலிக்கும் இடத்தில் மட்டும் முன்கலை வேலை செய்கிறது!

முன்கலையை மேசைக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் பார்த்த உதாரணம் இந்த ஊரில்தான் நடந்தது. நோவார்ட்டிஸ் நிறுவனம் புற்றுநோய் மருந்து கிளிவெக்கின் ஒரு படிக வடிவத்துக்கு 1998-இல் சென்னையில் விண்ணப்பித்தது. கோப்பின் எண்ணிலேயே மதராஸ் இருந்தது: 1602/மாஸ்/98. புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் சில இந்திய மருந்து நிறுவனங்களும் எதிர்ப்பு மனு போட்டன. அதே மூலக்கூறு சிம்மர்மன் என்பவர் பெயரிலான அமெரிக்கக் காப்புரிமையில் முன்பே இருக்கிறது என்றன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. தெரிந்த பொருளின் புது வடிவத்துக்கு, பலன் கூடாவிட்டால், உரிமை மறுக்கும் 3(டி) பிரிவு செல்லாது என்ற நோவார்ட்டிஸின் வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அடுத்து அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம், அண்ணா சாலையில் தேனாம்பேட்டை குணா வளாகத்திலிருந்து 2009-இல் காப்புரிமையை மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று முடித்துவைத்தது. கவனியுங்கள்: அந்த முன்கலையைப் பரிசோதகர் தாமாகத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை. வெளியிலிருந்து ஆட்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களுக்குக் காரணம் இருந்தது, பணமும் இருந்தது.

எலும்புக் கலவைக்கு அப்படிக் காரணமுள்ள ஆள் யார்? பிரண்டையை எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூர் தண்ணித்துறைச் சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். துவையல் அரைப்பார்கள், அதன் சாற்றை அப்பள மாவில் சேர்ப்பார்கள். முறிந்த எலும்பின்மேல் அரைத்துக் கட்டுவதும், உள்ளுக்குக் கொடுப்பதும் நாட்டு வைத்தியத்தில் ஊரறிந்த வழக்கம். மாவுக்கட்டு வேண்டாம், புத்தூர் கட்டே போதும் என்று நகரம் முழுக்கப் பலகை தொங்கவிட்டிருப்பவர்களிடம் கேட்டாலும் பிரண்டையைப் பற்றி ஒரு கதை கிடைக்கும். (அந்தக் கட்டுகளால் கோணலாகக் கூடிய எலும்புகளை நிமிர்த்தும் வேலை அறுவை மருத்துவர்களுக்கு ஓயவில்லை என்பதும் உண்மை. முன்கலை என்பது நல்ல மருத்துவம் என்ற சான்றிதழ் அல்ல.) பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் கே.என். உடுப்பாவும் ஜி.சி. பிரசாத்தும் பிரண்டைச் சாரம் விலங்குகளின் எலும்பு முறிவை விரைவாகக் கூட்டுவதாக 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' இதழில் எழுதியது 1964-இல்.

ஆக, பிரண்டையைக் கால்சியத்தோடு சேர்த்த எலும்புக் கலவை என்று ஒரு விண்ணப்பம் வந்தால், நம் சட்டத்தில் அதை நிறுத்த இடம் தாராளமாக உண்டு. பாரம்பரிய அறிவையோ, பாரம்பரியமாகத் தெரிந்த பொருள்களின் தெரிந்த குணங்களை அடுக்கியதையோ 3(பி) பிரிவு ஏற்காது. உள்ளூர்ச் சமூகத்தில் வாய்வழியாக வழங்கும் அறிவைக்கூட எதிர்ப்புக்குக் காரணமாக்க 25(1)(கே) இடம் தருகிறது. உயிர்வளம் சார்ந்த கண்டுபிடிப்பு என்றால் தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தையும் கடந்து வர வேண்டும். சட்டத்தில் குறையில்லை.

ஆனால் நம்மவர்களின் மேடைப் பேச்சை அப்படியே மனுவாக எழுதினால் தோற்றுப்போவோம். சித்தர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்பது சான்று ஆகாது. பிரண்டையிலிருந்து இன்ன கரைப்பானால் இன்ன சேர்மத்தை இன்ன அளவுக்குச் செறிவாக்கி எடுத்தேன், அதனால் எலும்பு செல்கள் இப்படி மாறின என்று ஒருவர் எழுதிவந்தால், துவையல் அதற்குப் பதில் ஆகாது. நியாயமாக அவருக்குக் கிடைக்க வேண்டிய குறுகிய உரிமை கிடைக்கட்டும். அவர் அதை வைத்துக்கொண்டு பிரண்டை முழுவதற்கும் வேலி போடாமல் பார்த்துக்கொள்வதுதான் முன்கலையின் வேலை. அந்த வேலைக்கு நாள் குறிப்பிட்ட ஆவணம் வேண்டும்.

மஞ்சள் வழக்கை எல்லோரும் பெருமையோடு நினைவுகூர்கிறோம். மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995-இல் அமெரிக்கா கொடுத்த காப்புரிமையை, இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து 1997-இல் ரத்து செய்ய வைத்தது. நம் பாட்டிமார் சொல்லி அது ரத்தாகவில்லை. சி.எஸ்.ஐ.ஆர். கொடுத்தது 32 ஆவணங்கள், அவற்றில் 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளியான கட்டுரையும் ஒன்று. தேதி போட்ட, பக்க எண்ணுள்ள, எவரும் எடுத்துப் படிக்கக்கூடிய காகிதம்.

அந்த வகைக் காகிதத்துக்குத் தென்சென்னையில் பஞ்சமே இல்லை. அடையாறு நூலகம் 1886 முதல் இருக்கிறது. இன்று பெசன்ட் நகரில் இருக்கும் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம் 1943-இல் தொடங்கியது, அங்கே மருத்துவச் சுவடிகளும் உண்டு. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், நாட்டு மருத்துவ அச்சு நூல்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. மயிலாப்பூரில் 1905 முதல் வேங்கடரமணா ஆயுர்வேத வைத்தியசாலை. இவற்றில் ஓலைச்சுவடியைவிட அச்சு நூலையே நான் மேலாகச் சொல்வேன். ஓலை எப்போது எழுதியது, எதைப் பார்த்து எழுதியது என்று நிறுவுவதற்குள் வழக்கு முடிந்துவிடும். நூறாண்டுக்கு முன் சென்னையில் அச்சான ஒரு மருத்துவ நூலின் முகப்பில் ஆண்டு இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும், விலைகூட இருக்கும்.

இதற்காகத்தானே பாரம்பரிய அறிவு மின்நூலகம் இருக்கிறது என்று கேட்கலாம். 2001-இல் தொடங்கிய நல்ல முயற்சி. சித்த மருத்துவக் குறிப்புகளையும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் ஆக்கி, ஐரோப்பிய, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகங்களுக்கு 2009 முதல் பார்வைக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மியூனிக்கில் உட்கார்ந்திருக்கும் பரிசோதகர் பார்க்கக்கூடியதை, மயிலாப்பூர் சித்த மருத்துவர் பார்க்க முடியாது. அலுவலகங்களுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் கட்டணச் சந்தா மூலம் படிப்படியாகத் திறக்கலாம் என்று 2022 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு மனு எழுதுகிறவருக்குச் சந்தாவே கூடாது என்பது என் கட்சி. திறந்துவிட்டால் திருடர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் பூட்டினார்கள். வெளியாகி எல்லோரும் படித்துவிட்ட ஒன்றுக்கு யாராலும் காப்புரிமை வாங்க முடியாது என்பதுதானே இந்தச் சட்டத்தின் அடிப்படையே?

எதிர்ப்பின் வாசலும் குறுகிக்கொண்டு வருகிறது. காப்புரிமை வழங்கும் முன் எவரும் எதிர்க்கலாம் என்பது இந்தியச் சட்டத்தின் அரிய குணம். வழங்கிய பின் என்றால் ஓராண்டுக்குள், அதுவும் சம்பந்தப்பட்டவர் மட்டுமே. முன்னெதிர்ப்புக்கு வெகுகாலம் கட்டணமே இல்லை. 2024 மார்ச் திருத்த விதிகள் கட்டணம் வைத்ததோடு, மனுவை எடுத்துக்கொள்ளலாமா என்று முதலில் சோதிக்கவும் வழி செய்தன. போட்டி நிறுவனங்கள் பினாமிப் பெயரில் மனுவுக்குமேல் மனுவாகப் போட்டு இழுத்தடித்தன என்பது உண்மைதான். ஆனால் இழுத்தடிப்பவருக்கு அந்தக் கட்டணம் ஒரு மதியச் சாப்பாட்டுச் செலவு, ஆய்வு மாணவருக்கு அது ஒரு தடை. மேல்முறையீட்டு வாரியமும் 2021-இல் கலைந்து, அதன் வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் இதற்கென்றே தனிப்பிரிவு இயங்குவது ஆறுதல்.

செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. காப்புரிமை இதழ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இணையத்தில் இலவசமாக வருகிறது. விண்ணப்பங்கள் பதினெட்டு மாதம் கழித்து அதில் வெளியாகும், வெளியான பின் ஆறு மாதமாவது கழியாமல் உரிமை வழங்க முடியாது. உலகப் பொது வகைப்பாட்டில் உடலுக்குள் பதிக்கும் பொருள்களுக்கு ஏ61எல் 27 என்று எண், அறுவைப் பசைகளுக்கும் சிமென்ட்டுகளுக்கும் ஏ61எல் 24, பிரண்டை சேர்ந்த திராட்சைக் குடும்பத்து மருந்துகளுக்கு ஏ61கே 36/87. தோல் ஆராய்ச்சி நிலையத்திலோ ஐ.ஐ.டி.யிலோ ஒரு சிறு குழு இந்த மூன்று எண்களை மட்டும் வாராவாரம் பார்க்கட்டும். குழுவில் ஒரு பொருளறிவியல் ஆய்வாளர், ஒரு சித்த மருத்துவர், பெசன்ட் நகரிலிருந்தோ தரமணியிலிருந்தோ ஒரு நூலகர். சந்தேகம் தரும் விண்ணப்பத்துக்கு எதிராக ஆவணத்தைத் தேடி, பக்கத்தைப் படியெடுத்து, எந்த உரிமைகோரலின் எந்தப் பகுதியை அது அடிக்கிறது என்று இரண்டு பக்கத்தில் எழுதி கிண்டிக்கு அனுப்பட்டும். சொந்த நிலையத்து விண்ணப்பமே அகலமாக இருந்தால் அதையும் சேர்த்து. மனுக் கட்டணத்தை சி.எஸ்.ஐ.ஆரோ மாநில அரசோ கட்டலாம்.